ஜனவரி விலை, ஜூன் விலை

வருமானச் சான்றிதழுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு விலை உண்டு. அரசு வைத்த கட்டணம் வருடம் முழுக்க ஒன்றுதான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். நான் சொல்வது அதற்கு மேல் போவதை. ஜனவரியில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. மிஞ்சிப் போனால் "டீ செலவுக்கு ஏதாவது பாத்துக் குடுப்பா" என்பதோடு முடிந்துவிடும். அதே சான்றிதழ் ஜூனில், கல்லூரிக் கலந்தாய்வுக்கு நாலு நாள் இருக்கும்போது வேண்டும் என்றால் பேச்சு ஆயிரத்தில் தொடங்கும். அதே ஆள், அதே கையெழுத்து. நடுவில் ஏறியது உங்கள் அவசரம் மட்டும்தான்.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். தினமும் பார்க்கிற வேலை என்பதால் சொல்கிறேன்: ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுக்க யாரும் பெரிய சதி செய்ய வேண்டியதில்லை. கடைசித் தேதி தாண்டும்வரை ஒரு காகிதத்தை மேசையில் வைத்திருந்தால் போதும்.

நான் வளர்ந்த ஊரும் இந்தப் பக்கம்தான். ஊரில் ஊழல் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஏரி மீன் ஏலம் எடுத்தவர்தான் அடுத்த வருடமும் எடுப்பார். ஏலத்துக்கு முந்தின ராத்திரியே அது முடிந்திருக்கும். காகிதத்தில் மட்டும் இருந்த தெருச் சாலையில் நாங்கள் மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். தேர்தல் ராத்திரி கதவு தட்டினால் யார், எதற்கு என்று தூக்கத்திலேயே தெரியும். இதையெல்லாம் கேட்டால் பெரியவர்கள் சொல்ல ஒரு பழமொழியும் தயாராக இருந்தது: தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?

ஆனால் எங்களுக்கு உண்மையான பயிற்சி நடந்த இடம் பள்ளிக்கூடம். சத்துணவுத் திட்டத்தை 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது அதில் முட்டை கிடையாது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, 1998இல் வாரத்துக்கு ஒன்றானது. நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒன்று காலத்துப் பிள்ளைகள். அதனால் முட்டை நாள் எங்களுக்குத் திருவிழா. அந்த நாளில் முட்டை எல்லோருக்கும் வராது. முன் வரிசைக்கு முழுசாக, பின் வரிசைக்குப் பாதியாக, கடைசியில் இருப்பவர்களுக்கு "அடுத்த தடவை". பதிவேட்டில் மட்டும் பள்ளிக்கே வராத பிள்ளைகளும் சாப்பிட்டிருப்பார்கள்.

ஒருநாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். எங்களை வரிசையில் உட்காரவைத்து, "போன வாரம் முட்டை போட்டாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சேர்ந்து "போட்டாங்க சார்" என்று கத்தினோம், காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, "எனக்கு மஞ்சக் கரு இல்லாம போட்டாங்க சார்" என்றான். அவன் புகார் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அதிகாரி சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஜீப் தெருமுனை திரும்பியதும் பையனின் தொடையில் விழுந்த கிள்ளலின் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அடுத்த முறை ஜீப் வந்தபோது அவனும் எங்களோடு சேர்ந்து கத்தினான்.

இந்த மாதிரி ஊரில் வளர்கிற பிள்ளைக்கு ஒரு தாள் வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்தது என் பெரியப்பா மகள் விஷயத்தில். அக்கா கணக்கில் கெட்டிக்காரர். அரையாண்டு வினாத்தாளை வாங்கி, விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மனசால் போட்டு விடை சொல்வார். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. கிராமத்துப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கானது. தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை. அது பெரிய பணம் இல்லை. நோட்டுப் புத்தகம் வாங்கக் காணும். ஆனால் "சர்க்காரே பணம் குடுத்துப் படிக்க வைக்குது" என்று பெரியப்பாவிடம் சொல்ல அக்காவுக்கு அது ஒரு பிடிமானம். பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம் அது.

அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். பெரியப்பா கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். 1980 நவம்பரிலேயே ஊர்க் கணக்குப் பார்த்த பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்துவிட்டது. அப்புறம் தேர்வு எழுதி வந்தவர்கள்தான் அந்த நாற்காலியில். ஆனாலும் ஊரில் எல்லோரும் கர்ணம் என்றே சொன்னார்கள், கர்ணத்தின் முன்னால் நிற்கிற மாதிரியே நின்றார்கள். நான் பெரியப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். வாசல் வந்ததும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார். வீட்டில் எங்களை அதட்டுகிற குரல் அங்கே போனதும் எங்கே போகும் என்றே தெரியாது.

முடியாது என்று அந்த அலுவலர் ஒருநாளும் சொன்னதில்லை. "நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்குப் போனால் தாலுக்கா ஆபீஸ் போயிருப்பார். என்ன எதிர்பார்க்கிறார் என்பதைத் தலையாரிதான் டீக்கடையில் வைத்துச் சொன்னார். தொகை பெரிதில்லை, ஆனால் கையில் இல்லை. கரும்பு வெட்டினால் பணம் வரும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால்தான் வெட்டலாம். அந்த உத்தரவு சீக்கிரம் வருவதற்கு அங்கே ஒருவரைக் கவனிக்க வேண்டும். அங்கே கவனிக்கக் காசில்லை என்பதால் உத்தரவு வரவில்லை. உத்தரவு வராததால் இங்கே கவனிக்க முடியவில்லை. கரும்பு பூ எடுத்து நின்றது.

சான்றிதழ் வந்தது. அழகாக, வட்ட முத்திரையோடு, விண்ணப்பத்தின் கடைசித் தேதி போன பிறகு. அக்கா அதைக் கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்தான் எடுத்தார். ஆனால் அந்தக் கோடையில் ஊருக்கு ஒரு வேன் வந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் தரகர் அதில் வந்தார். மூன்று வருடம் மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. பின்னாளில் சுமங்கலித் திட்டம் என்று பத்திரிகைகளில் அடிபட்டதே, அதுதான். பதினெட்டு நிரம்பாதவர்களைத் தொழிற்சாலையில் சேர்க்க மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும் என்பது அப்போதிருந்த சட்டம். தரகரிடம் அந்தச் சான்று ஊருக்குப் பத்து இருபதாகத் தயாராக இருந்தது. பெயர் மட்டும் எழுத வேண்டும். படிப்பதற்குக் கேட்ட காகிதம் வாரக்கணக்கில் வரவில்லை. வேலைக்குப் போகக் கேட்ட காகிதம் வேனிலேயே வந்தது.

சொன்ன தொகை முழுதாகக் கைக்கு வரவில்லை. விடுப்பு எடுத்த நாட்களைக் கழித்துக்கொண்டார்கள். பஞ்சுத் தூசியில் வந்த இருமல் கொஞ்ச வருடம் இருந்தது. இப்போது அக்கா தையல் கடை வைத்து நன்றாக இருக்கிறார். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் சிரித்தார். "கனவு கினவுன்னெல்லாம் போடாதடா. கணக்கு டீச்சர் ஆகலாம்னு இருந்தேன், ஆகல. அவ்வளவுதான்."

சரி, இனி நான் பார்க்கிற வேலையிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, முக்கியமானதும் அதுவே: அவசரம் வருவதற்கு முன்னாலேயே காகிதத்தை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதே வாங்கிவிடலாம். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் துணை வட்டாட்சியர் மட்டத்திலும், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் மட்டத்திலும் முடிந்துவிடும். பழங்குடியினருக்கு மட்டும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்துக் கொடுக்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மலையாளி என்ற பழங்குடிப் பிள்ளைகளும், ஏரிக்கரை இருளர் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு இதற்கு அலைவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அப்பா, சித்தப்பா யாராவது ஒருவருக்குச் சான்றிதழ் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். யாருக்குமே இல்லை என்றால் பிள்ளை முதல் வகுப்பில் இருக்கும்போதே ஆரம்பியுங்கள், வருடங்கள் ஆனாலும் ஆகட்டும்.

வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றால் ஜனவரி, பிப்ரவரியில் வாங்கினால் சேர்க்கைக் காலம் முழுக்க ஓடும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு இருக்கிறது. தேர்ச்சி பெற்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. அக்கா தவறவிட்ட ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இன்னும் நடக்கிறது. இரண்டுக்கும் வருமானச் சான்று கேட்பார்கள் என்பது பள்ளி திறக்கும் நாளிலேயே தெரிந்த விஷயம்தானே. அறிவிப்பு வரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்?

குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ்தான் நிறையப் பேரை ஜூனில் மாட்டிவிடுகிறது. அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் மட்டும் இல்லை, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளின் படிப்பு விவரமும் கேட்பார்கள். செத்துப்போன தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் எங்கே என்று அப்போதுதான் பரணில் தேடுவார்கள். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடுவார்கள் அல்லவா, அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளியில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை". விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப இதைவிட நல்ல சாக்கு கிடையாது, அதில் நியாயமும் இருக்கும் என்பதால் நீங்கள் சண்டையும் போட முடியாது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைப் பதினைந்து வருடத்துக்குள் சேர்க்கலாம். பள்ளிப் பதிவில் திருத்தம் என்றால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பட்டியல் போவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் முடித்துவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அது பெரிய அலைச்சல்.

மூன்றாவது, வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். பெரியப்பா காலத்தில் "நாளைக்கு வா" என்பதற்குச் சாட்சி இல்லை. இப்போது விண்ணப்ப எண் இருக்கிறது. யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று கைபேசியிலேயே தெரியும். திருப்பி அனுப்பினால் காரணம் எழுதியாக வேண்டும். எண் தராமல் வாங்கி வைத்துக்கொண்ட காகிதம் கொடுக்காத காகிதம்தான்.

பட்டா மாறுதல் மாதிரி மாதக்கணக்கில் தூங்கும் மனுவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நன்றாக வேலை செய்கிறது. 2005இன் சட்டம், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் தரவில்லை என்று கோபமாக எழுதாதீர்கள், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். என் மனு எந்தத் தேதியில் வந்தது, இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, தேதிவாரியாக அதன் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வருவதற்குள் மனு நகர்ந்துவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆனால் ஜூன் அவசரத்துக்கு 30 நாள் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிகம் பேர் பயன்படுத்தாத இன்னொரு நாள், ஜமாபந்தி. வருவாய்த் தீர்வாயம் என்பார்கள், பெரும்பாலும் மே, ஜூனில் தாலுக்கா அலுவலகத்தில் நடக்கும். ஊர்க் கணக்கு முழுவதையும் மேலதிகாரி முன்னால் வைக்கிற நாள் அது. அன்று உங்கள் ஊர்ப் பெயர் வரும்போது கையில் மனுவோடு போய் நின்று பாருங்கள், மரியாதை வேறு மாதிரி இருக்கும்.

எல்லா அலுவலர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒரே ஆள் இரண்டு மூன்று ஊர்களுக்குப் பொறுப்பு பார்த்துக்கொண்டு, ஒழுகுகிற கட்டடத்தில் உட்கார்ந்து, ஒரு ரூபாய் வாங்காமல் ராத்திரி பத்து மணிக்கு விண்ணப்பங்களை அனுப்பிவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜூனில் அவர்களாலும் முடிவதில்லை. அதே சமயம், எங்கள் தொழிலிலேயே தரகு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 60 ரூபாய் விண்ணப்பத்துக்கு ஐந்நூறு வாங்கி "மேல குடுக்கணும்" என்பார்கள். மேலே ஒன்றும் போயிருக்காது. ரசீது கேளுங்கள். ரசீதில் இல்லாத பணத்தைக் கொடுக்காதீர்கள்.

லஞ்சம் வாங்கியே தீருவேன் என்பவரிடம் என்ன செய்வது? லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். 2018இல் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதும் குற்றமானது. ஆனால் வற்புறுத்தியதால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவர் மீது குற்றம் வராது. கொடுப்பதற்கு முன்பே புகார் செய்தால் இன்னும் நல்லது. நோட்டுகளில் பினாப்தலின் பொடி தடவிக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். பக்கத்து ஊரில் அப்படி ஒன்று நடந்தது. சட்டம் சொல்லாத பகுதியும் அதில் உண்டு. புகார் கொடுத்தவரை ஊரில் "பிழைக்கத் தெரியாத ஆளு" என்றார்கள். மாட்டியவரின் மகன் அங்கேயே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். பையன்கள் ரோஸ் கலர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் வருவதையே நிறுத்திவிட்டான். இதற்காகப் புகார் கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு, பக்கத்தில் நிற்க நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள் என்பேன்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. பணம் வைத்த கவரை உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்து "சார்கிட்ட குடுத்துட்டு வா" என்று அனுப்பாதீர்கள். என் கடை வாசலிலேயே நடக்கிறது. அதே மாதிரி, வீட்டில் சான்றிதழுக்கு அலைவதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காமல், விண்ணப்ப எண்ணை அவர்களிடமே கொடுத்து நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை, அப்பாவுக்குத் தெரியாததைச் செய்கிற பெருமையும் சேரும். கிராம சபை இப்போது வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு வாசிக்கும்போது பிள்ளைகளும் பக்கத்தில் உட்காரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று 2009இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், இன்றைக்கு எத்தனை முட்டை வந்தது, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று கேட்கலாம்.

இந்த ஜனவரியில் ஒரு அம்மா பன்னிரண்டாம் வகுப்பு மகளோடு வந்தார். விண்ணப்பித்துக் கொடுத்தேன், அடுத்த வாரமே வருமானச் சான்று வந்துவிட்டது. அச்செடுத்துக் கொடுத்ததும் அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "யாரும் காசே கேக்கலியே தம்பி, இது செல்லுமா?" என்றார். செல்லும்மா என்று க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, திரையில் வந்த அவர் பெயரைக் காட்டினேன். மகளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. எதற்கும் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.